வெட்டுகல் வீடும் சிமென்ட் பூச்சும்: வாசகர் கேள்வி பதில்

பழைய வீடு, கோயில், தேவாலயம் இவற்றைச் சுற்றுச்சூழலுக்குக் கேடில்லாமல் பழுதுபார்ப்பது எப்படி என்று கேட்டு நம் குமரி மாவட்டத்திலிருந்து நிறையக் கடிதங்கள் வந்திருக்கின்றன. சிலவற்றுக்கு இந்த மாதம் பதில் எழுதுகிறேன். என்னைப் புதிதாகப் படிப்பவர்களுக்கு: நான் தக்கலைப் பக்கத்துக்காரி. டிப்ளமோ சிவில் முடித்து 26 வருடமாகப் பழைய கட்டட வேலை மட்டுமே பார்க்கிறேன். அதற்கு முன்பே அம்மாவிடம் பாதித் தொழில் படித்திருந்தேன். அம்மா கையாள் வேலைக்குப் போனவள். மட்டுப்பா, அதாவது சுண்ணாம்புச் சல்லித் தளம், போடும் வீடுகளில் பத்துப் பதினைந்து பெண்கள் வரிசையாகக் குந்தி உட்கார்ந்து, கடுக்காய்த் தண்ணீரைத் தெளித்துத் தெளித்து, மரப்பலகையால் நாள்கணக்கில் தட்டிக்கொண்டே நகர்வார்கள். பள்ளிக்கூடம் விட்டு வரும்போது அந்தச் சத்தத்தை வைத்துத்தான் அம்மா எந்த வீட்டில் இருக்கிறாள் என்று கண்டுபிடிப்பேன்.

குளச்சலிலிருந்து ஒரு வாசகி: அக்கா, எங்கள் பாட்டி வீடு வெட்டுகல் கட்டடம். கடல் பக்கத்தில்தான். பழைய சுண்ணாம்புக் காரை உதிர்ந்ததால் 12 வருடம் முன்பு சிமென்ட் பூசினோம். இப்போது தரையிலிருந்து மூன்றடி உயரம் வரை பூச்சு உப்பிக்கொண்டு நிற்கிறது, வெள்ளையாகப் பூக்கிறது. எல்லாவற்றையும் கொத்தி எறிந்துவிட்டு வாட்டர்ப்ரூஃப் கலந்து மறுபடி சிமென்ட் பூசலாம் என்கிறார் காண்ட்ராக்டர். செய்யலாமா?

செய்யாதீர்கள் அம்மா. வாட்டர்ப்ரூஃப் போட்டால் அந்தச் சுவர் காய்வதற்கு இருக்கும் கொஞ்ச வழியும் அடைபட்டுவிடும்.

வெட்டுகல் கண்ணுக்கே தெரிகிற துளைகள் உள்ள கல். வெட்டி எடுக்கும்போது மிருதுவாக இருக்கும், காற்றுப்பட்ட பிறகு இறுகும். (மலபாரில் அங்காடிப்புரத்தில் பார்த்த இந்தக் கல்லைப் பற்றிப் பிரான்சிஸ் புக்கானன் 1807-ல் எழுதியபோதுதான், செங்கலைக் குறிக்கும் லத்தீன் சொல்லிலிருந்து லேட்டரைட் என்று பெயர் வைத்தார்.) தரையின் ஈரத்தை இது உறிஞ்சும், உறிஞ்சியதைக் காற்றில் விடும். சுண்ணாம்புக் காரை அதற்கு வழிவிடும். சிமென்ட் பூச்சு மறிக்கும். மறிபட்ட ஈரம் போக இடமில்லாமல் மேலே ஏறும். அதில் கரைந்திருக்கிற கடல் உப்பும், சிமென்டிலேயே இருக்கிற உப்புகளும் பூச்சுக்குப் பின்னால் படிகமாகும். படிகம் பெருக்கும்போது கல்லின் தோலை உடைத்துக்கொண்டுதான் பெருக்கும். உங்கள் பாட்டி வீட்டில் உப்பி நிற்பதற்குக் காரணம் இதுதான்.

இதை நான் புத்தகத்தில் மட்டும் படித்துச் சொல்லவில்லை. வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் வருடம், கல்குளம் தாலுகாவில் ஒரு பழைய வீட்டின் வெட்டுகல் சுவருக்கு நானே முன்னால் நின்று கல் இடுக்குகளில் சிமென்ட் இணைப்புப் போட வைத்தேன். பார்க்கக் கோடு போட்ட நோட்டுப் புத்தகம் மாதிரி அழகாக இருந்தது. எட்டு வருடம் கழித்துப் போனபோது இணைப்புகள் எல்லாம் அப்படியே துருத்தி நிற்கின்றன, கற்கள் உதிர்ந்து உள்ளே போய்விட்டன. சுவர் முழுக்கத் தேனடைக் கண்கள். இணைப்பு கல்லை விட மிருதுவானதாக இருந்திருந்தால் இணைப்பு உதிர்ந்திருக்கும், மறுபடி பூசியிருக்கலாம். இணைப்பு கெட்டியாக இருந்ததால் கல் உதிர்ந்தது. உதிர்ந்த கல்லை எதைக் கொண்டும் திரும்பக் கொண்டுவர முடியாது. அந்த வீட்டுப் பெரியவர் என்னை ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. அது எனக்கு இன்றைக்கும் மனதில் கிடக்கிறது.

சரி, என்ன செய்யலாம்? பூச்சைத் தொடுவதற்கு முன்னால் முற்றத்தைப் பாருங்கள். சுவர் ஓரம் வரை சிமென்ட் தரையோ இன்டர்லாக் கல்லோ போட்டிருக்கிறீர்களா? நம் மாவட்டத்தில் பத்தில் ஏழெட்டு வீடுகளில் நான் பார்ப்பது இதுதான். மழைத் தண்ணீர் மண்ணில் இறங்க முடியாமல் சுவருக்கு அடியில் போய்த் தங்குகிறது, மண்ணின் ஈரம் வெளியேறவும் சுவரைத் தவிர வேறு வழியில்லை. சுவரை ஒட்டி இரண்டடி அகலத்துக்கு அதைப் பெயர்த்து எடுத்துவிட்டு, சல்லி நிரப்பி, தண்ணீர் சுவரை விட்டு விலகி ஓடும்படி வாட்டம் கொடுங்கள். ரோடு உயர்ந்து வீடு தாழ்ந்திருந்தால் வெளிப்புறம் ஒரு வாய்க்கால் வேண்டும். ஓட்டு விளிம்பில் தகரப் பாத்தி உடைந்திருந்தால் அதையும் மாற்றிவிடுங்கள்.

அடுத்து சிமென்ட் பூச்சைச் சிறிய உளியும் சுத்தியலும் வைத்துக் கையால் எடுக்க வேண்டும். பிரேக்கர் மெஷின் வேண்டாம். எங்காவது கல்லோடு சேர்ந்து வருகிறது என்றால் அந்த இடத்தை அப்படியே விட்டுவிடுங்கள், எடுப்பதால் வரும் சேதம் அதிகம். எடுத்து முடித்ததும் சுவரை வெறுமனே விடுங்கள். கனமான சுவர் ஒரு அங்குலம் காய ஒரு மாதம் ஆகும் என்பது எங்கள் தொழிலில் ஒரு கைக்கணக்கு. பொறுமை வேண்டியிருக்கும். மேலே பூத்த உப்பை ஈரமில்லாத பிரஷ்ஷால் தட்டி, முறத்தில் வாங்கி, வெளியே கொண்டுபோய்ப் போடுங்கள். தண்ணீர் விட்டுக் கழுவினால் உப்பு கரைந்து மறுபடி கல்லுக்குள்தான் போகும். மீதி உப்புக்குக் காகிதக் கூழ் ஒத்தடம் உண்டு: நல்ல தண்ணீரில் ஊறிய காகிதக் கூழைச் சுவரில் அப்பி, காய்ந்ததும் உரித்து எடுத்தால் உப்பும் கூட வரும். மாமல்லபுரம் கடற்கரைக் கோயில் கல்லுக்குத் தொல்லியல் துறையினர் செய்கிற வேலையும் இதுதான்.

கடைசியில் சுண்ணாம்புக் காரை. நீற்றிய சுண்ணாம்பு ஒன்று, உப்பில்லாத மணல் மூன்று. அடிப்பகுதி மூன்றடிக்கு மணலில் ஒரு பங்கைக் குறைத்து, நன்றாகச் சுட்ட செங்கல்லின் தூளைச் சேருங்கள். சுர்க்கி என்பது அதுதான். ஈரத்திலும் இறுகும். 1895-ல் முடித்த முல்லைப் பெரியாறு அணையே சுண்ணாம்பு-சுர்க்கிச் சாந்தில் நிற்பதுதான். கடற்கரை மணல் கைக்கெட்டும் தூரத்தில் கிடக்கிறதே என்று ஒரு சட்டி கூட எடுத்துவிடாதீர்கள், அதில் உப்பு இருக்கிறது, அள்ளினால் கரையும் போகும்.

ஒன்றை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். முதலில் பூசுகிற காரை இரண்டு மூன்று வருடத்தில் உப்பைக் குடித்து உதிரக்கூடும். உதிரட்டும். கல்லுக்குப் பதிலாக அது உதிர்கிறது. அந்த இடத்தில் மட்டும் சுரண்டி மறுபடி பூசினால் போதும்.

குலசேகரத்திலிருந்து ஒரு வாசகர்: எங்கள் குடும்ப வீடு மரப்பலகைச் சுவர் வைத்த நிரைவீடு. மச்சும் நெல் சேமிக்கும் அறப்புரையும் அயினி (காட்டுப்பலா), பலா மரத்தில் செய்தவை. ஓட்டைத் தாங்கும் சாய்வு மரங்களான கழுக்கோல்கள் நுனியில் இற்றுவிட்டன, சில இடத்தில் செதல் (கரையான்). மரத்தை மொத்தமாக விற்றுவிட்டு இரும்புக் குழாயும் ஷீட்டும் போட்டால் மரம் வெட்ட வேண்டியதில்லை, அதுதான் இயற்கைக்கு நல்லது என்று என் மகன் சொல்கிறான். அவன் சொல்வது சரியா?

மகனுடைய அக்கறை நல்ல அக்கறை. கணக்கில்தான் ஒரு இடம் விட்டுப்போயிருக்கிறது. அந்த வீட்டு மரம் வெட்டப்பட்டு ஒரு தலைமுறைக்கு மேல் ஆகிவிட்டது. அதை வைத்துக்கொள்ள இன்று புதிதாக ஒரு மரமும் சாய வேண்டாம். இரும்புக் குழாய் உலையில் உருக்கி வர வேண்டும், ஷீட்டும் அப்படியே. நம் காற்றில் இருக்கிற ஈரத்துக்கு இரும்பு எத்தனை வருடம் துருப்பிடிக்காமல் இருக்கும் என்று உங்கள் ஊர் பஸ் ஸ்டாப் கூரையைப் பார்த்தாலே தெரியும். ஷீட்டுக்கு அடியில் பங்குனி, சித்திரை மதியத்தில் இருக்க முடியாது, ஏ.சி. வாங்குவீர்கள். கரண்ட் பில்லையும் சேர்த்துத்தான் கணக்குப் போட வேண்டும்.

கழுக்கோல் எப்போதும் நுனியில்தான் இறும். ஓட்டு விளிம்பில் மழை படுகிற இடம் அது. எட்டடிக் கழுக்கோலில் ஒன்றரை அடி இற்றிருக்கும், ஆறரை அடி வைரம் பாய்ந்து கிடக்கும். கெட்ட பாகத்தை மட்டும் சாய்வாக அறுத்து எடுத்து, அதே இன மரத்துண்டை அதே சாய்வில் அறுத்துப் பொருத்தி, மர ஆணி அடித்து இணைப்பது நம் ஆசாரிமாருக்குத் தெரிந்த வேலை. பசையும் இரும்பு போல்ட்டும் கூடத் தேவைப்படாது. ஒட்டுப்போட்ட இடம் வெளியே தெரியுமே என்று சிலர் வருத்தப்படுவார்கள். எனக்குத் தெரிவதுதான் பிடிக்கும். பின்னால் வருகிறவர்களுக்கு எது பழையது, எது நாம் செய்தது என்று புரியும்.

துண்டு மரத்துக்கு எங்கே போவது என்று கேட்பீர்கள். இடித்த வீட்டு மரம் விற்கும் கடைகளில் பாருங்கள். புதுத் தேக்கு வாங்கிப் பழைய பலாவோடு சேர்த்தால் இரண்டும் ஈரத்துக்கு வேறு வேறு மாதிரி பருக்கும், சுருங்கும், இணைப்பு விட்டுப்போகும். 2017 நவம்பர் கடைசியில் ஒக்கி புயல் அடித்தபோது நம் மாவட்டத்தில் விழுந்த மரத்துக்குக் கணக்கில்லை. எத்தனையோ அயினியும் பலாவும் விறகாகப் போயின. அப்போது நாலைந்து தடிகளை வாங்கிப் பலகையாக அறுத்து, காற்றுப் போகும்படி இடைவெளி விட்டு அடுக்கி வைத்தேன். அதில் மிச்சமிருப்பதைத்தான் இன்றும் ஒட்டு வேலைக்குக் கொடுக்கிறேன். உங்கள் வீட்டுப் புரையிடத்தில் ஒரு பலா விழுந்தால் தயவுசெய்து விறகுக்குக் கொடுக்காதீர்கள்.

செதலுக்கு: முதலில் அதன் மண் பாதை எங்கிருந்து ஏறுகிறது என்று பாருங்கள். ஈரமில்லாமல் அதற்குப் பிழைப்பில்லை. ஒழுகுகிற ஓட்டை மாற்றி, சுவர் ஓர ஈரத்தை வடித்தாலே பாதி வேலை முடிந்தது. அதன் பிறகு வெங்காரமும் (போராக்ஸ்) போரிக் அமிலமும் மூன்றுக்கு இரண்டு என்ற அளவில் சேர்த்து, நூறு லிட்டர் வெந்நீருக்கு ஐந்தாறு கிலோ கரைத்து, மரத்தில் இரண்டு மூன்று தடவை பிரஷ்ஷால் கொடுங்கள். பூச்சிகொல்லி டின்களோடு ஒப்பிட்டால் வீட்டில் இருப்பவர்களுக்கும் கிணற்றுக்கும் ஆபத்து குறைவு, ஆனாலும் குழந்தைகள் கையில் படாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். ஒரு குறை, தண்ணீர் பட்டால் கரைந்து போய்விடும். மழை படுகிற கழுக்கோல் நுனிக்கு அது நிற்காது.

அங்கே அண்டித்தோட்டு எண்ணெய், அதாவது முந்திரிக்கொட்டைத் தோட்டின் எண்ணெய். நம் பக்கத்து அண்டி ஆபீஸ்களில் பருப்பு எடுத்த பிறகு தோட்டிலிருந்து வருகிற அந்தக் கறுப்பு எண்ணெயை வள்ளங்களுக்குப் பூசுவார்கள், உங்களுக்கே தெரிந்திருக்கும். கடல் தண்ணீரில் கிடக்கிற மரத்தைக் காக்கிறது, கழுக்கோல் நுனியைக் காக்காதா? மெலிதாக இரண்டு கை பூசுங்கள், நடுவில் ஒரு வாரம் இடைவெளி. கையுறை இல்லாமல் தொடக்கூடாது, தோலைப் பொசுக்கிவிடும். மரம் கறுத்தும் போகும். அதனால் முகப்பில் செதுக்கு வேலை உள்ள மரத்துக்கும், வர்ணம் தீட்டிய மரத்துக்கும் பக்கத்திலேயே கொண்டுபோகாதீர்கள்.

ஓட்டையும் விற்றுவிடாதீர்கள். பிரிக்கும்போது ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்தால் ஆலையின் பெயர் அச்சாகியிருக்கும். மங்களூரில் பாசல் மிஷன்காரர்கள் 1865-ல் தொடங்கிய தொழில் அது. சுண்டினால் வெண்கலம் மாதிரி ஓசை வருகிற ஓடு நல்ல ஓடு, மந்தமாக ஒலித்தால் விரிசல். நல்லவற்றை முகப்புச் சரிவுக்குச் சேர்த்து வையுங்கள், புதிதாக வாங்குவதைப் பின்புறச் சரிவில் போடுங்கள். பெயின்ட் அடிக்க வேண்டாம்.

பத்மநாபபுரம் அரண்மனைக்கு மகனை ஒருமுறை கூட்டிக்கொண்டு போங்கள். அவன் போயிருப்பான், எல்லாரும் பள்ளிக்கூடச் சுற்றுலாவில் போயிருப்போம். இந்த முறை அண்ணாந்து கூரையைப் பார்க்கச் சொல்லுங்கள். செங்குத்தான சரிவு, சுவரை விட்டு வெகுதூரம் வெளியே நீளும் இறவாரம், காற்றோட்டத்துக்கு மரக் கிராதி அழிகள். இரண்டு பருவமழையும் கொட்டுகிற இடத்தில் அத்தனை மரமும் நூற்றாண்டுகளாக நிற்கிறது என்றால் தண்ணீரைத் தூர நிறுத்தியதுதான் காரணம்.

நாகர்கோவிலிலிருந்து ஒரு கல்லூரி மாணவர்: சுண்ணாம்பும் கல்லைச் சுட்டு எடுப்பதுதானே? அதிலும் கரியமில வாயு வருமே. பிறகு எப்படி சிமென்டை விட நல்லது என்கிறீர்கள்? சிப்பிச் சுண்ணாம்பு எப்படி?

நல்ல கேள்வி தம்பி. பலர் இதைக் கேட்காமலே சுண்ணாம்பு என்றால் பாவமே இல்லாத பொருள் என்று நினைத்துக்கொள்கிறார்கள்.

100 கிலோ சுத்தமான சுண்ணாம்புக்கல்லைச் சுட்டால் 56 கிலோ சுட்ட சுண்ணாம்பு கிடைக்கும், 44 கிலோ கரியமில வாயுவாகப் போகும். இதில் மாற்றமில்லை, சூளையின் விறகுப் புகை தனி. ஆனால் சூடு சுமார் 900 டிகிரி போதும். சிமென்டுக்கு உலை 1,450 டிகிரி வரை போக வேண்டும். உலகத்தில் மனிதர்கள் வெளியிடும் கரியமில வாயுவில் ஏழெட்டு சதவீதம் சிமென்டிலிருந்து வருகிறது. இன்னொன்று, சுண்ணாம்புக் காரை இறுகுவதே காற்றிலுள்ள கரியமில வாயுவைத் திரும்ப எடுத்துக்கொண்டுதான். சுடும்போது கல்லிலிருந்து போனதில் பெரும்பகுதி வருடக்கணக்கில் மெதுவாகச் சுவருக்குள் திரும்பி வருகிறது. விறகுப் புகை திரும்பி வராது. சிமென்டும் கொஞ்சம் எடுத்துக்கொள்ளும், ஆனால் குறைவாக.

இருந்தாலும் இந்தக் கணக்கை மட்டும் வைத்து நான் சுண்ணாம்பைச் சொல்லவில்லை. சுண்ணாம்பில் கட்டிய சுவரைப் பிரித்தால் கல்லும் செங்கலும் முழுசாகக் கையில் வரும். சாந்தைத் தட்டிவிட்டு அடுத்த வீடு கட்டலாம். இந்த மாவட்டத்தில் எத்தனை வீடுகள் அப்படிப் பழைய கல்லில் கட்டியவை தெரியுமா? சிமென்டில் கட்டியதைப் பிரித்தால் உடைசல்தான், குளத்தில் கொண்டுபோய்க் கொட்டுகிறார்கள்.

சிப்பிச் சுண்ணாம்பு பற்றியும் கேட்டிருந்தீர்கள். வேதியியல்படி அதுவும் அதே பொருள்தான். சாப்பிட்டு எறிந்த சிப்பி என்றால் சந்தோஷமாக வாங்குங்கள். காயலைத் தோண்டி எடுத்த சிப்பி என்றால் எனக்கு மனம் ஒப்பாது. வாங்கும் இடத்தில் எங்கிருந்து வருகிறது என்று கேளுங்கள்.

திருவட்டாறு அருகிலிருந்து ஒரு கோயில் கமிட்டி உறுப்பினர்: எங்கள் ஊர்க் கோயிலுக்குக் கும்பாபிஷேகம் வைக்க நினைக்கிறோம். கல் மண்டபத்தில் எண்ணெய்ப் பிசுக்கும் பல அடுக்கு வெள்ளைப் பூச்சும் படிந்து கிடக்கின்றன. மணல் வீச்சு மெஷின் வைத்தால் இரண்டே நாளில் புதுக்கல் போல ஆகிவிடும் என்கிறார்கள். தளமும் ஒழுகுகிறது.

மெஷினை ஊருக்குள்ளேயே விடாதீர்கள் என்று உங்களைக் கைகூப்பிக் கேட்டுக்கொள்கிறேன். மணலை அழுத்தத்தில் வீசும்போது பிசுக்கு மட்டும் போகாது, கல்லின் மேல்தோலும் சேர்ந்து போகும். நம் பக்கத்துக் கோயில்களில் வட்டெழுத்துக் கல்வெட்டுகள் உண்டு. சிதறால் மலையில் பார்த்திருப்பீர்கள். உங்கள் மண்டபத் தூணில் வெள்ளைக்கு அடியில் ஒரு வரி இருந்தால், அது இருந்தது என்று கூட யாருக்கும் தெரியாமல் இரண்டு நாளில் தூசியாகிவிடும். தோல் போன கல் முன்னைவிட அதிகமாகத் தண்ணீர் குடிக்கும், பாசி சீக்கிரம் பிடிக்கும்.

வெள்ளை அடுக்கை ஈரச் சாக்குப் போட்டு ஒரு நாள் ஊறவைத்து, மூங்கில் பத்தையால் கையால் சுரண்டினால் ஏடு ஏடாக வரும். ஆசிட் ஊற்றச் சொன்னால் கேட்காதீர்கள். எண்ணெய்ப் பிசுக்குக்கு முல்தானி மட்டியைக் குழைத்து அப்பி, காய்ந்ததும் எடுக்க வேண்டும், மூன்று நான்கு தடவை திரும்பச் செய்ய வேண்டி வரும். தாஜ்மகாலின் பளிங்குக்குக் கூட இந்த மண் பூச்சுதான். ஊரில் பத்து இளைஞர்களுக்கு இரண்டு நாள் சொல்லிக்கொடுத்தால் அவர்களே செய்வார்கள். சுரண்டும்போது எழுத்து மாதிரி ஏதாவது தென்பட்டால் அங்கேயே நிறுத்திப் படம் எடுத்து, தொல்லியல் தெரிந்தவர்களிடம் காட்டுங்கள். கூடவே விளக்கு வைக்கிற இடத்தையும் மாற்றுங்கள். தூணின் காலடியில் எண்ணெய் வழிந்தால் ஐந்து வருடத்தில் மறுபடி இதே நிலைதான்.

தளம் ஒழுகுவதற்கு ஒரு பொதுவான காரணம் சொல்கிறேன். ஒவ்வொரு திருப்பணியிலும் பழைய தளத்தை எடுக்காமல் அதன் மேலேயே புதுத் தளம் போட்டுக்கொண்டே போயிருப்பார்கள். ஒரு கோயிலில் ஓரத்தைத் தோண்டிப் பார்த்தபோது நாலு அடுக்கு இருந்தது, கடைசி இரண்டும் சிமென்ட். கீழே இருக்கிற கல் உத்திரம் அந்தப் பாரத்தைச் சுமப்பதற்காக வைத்ததல்ல. முதலில் அத்தனையையும் கையால் எடுத்து இறக்குங்கள். உத்திரத்தில் விரிசல் இருக்கிறதா என்று பாருங்கள். பிறகு செங்கல் சல்லியும் சுண்ணாம்பும் கலந்த ஒரே தளம், மேலே தட்டையான ஓடு. சல்லித் தளத்தைத் தட்டும்போது கடுக்காயும் கருப்பட்டியும் ஊறிய தண்ணீர். நம் ஊர்க் கருப்பட்டியே போதும். தளத்தின் வாட்டமும், தண்ணீர் விழும் கோமுகத்தின் வாய் அடைபடாமல் இருப்பதும் எல்லாவற்றையும் விட முக்கியம். கோபுரத்தில் முளைக்கிற அரசு, ஆலங்கன்றை வருடத்துக்கு இரண்டு முறை, ஆடிச் சாரல் முடிந்ததும் கார்த்திகை மழை முடிந்ததும், இரண்டு இலை விடும்போதே எடுத்துவிடுங்கள். வேர் பெருத்த பிறகு பிடுங்கினால் சுதை வேலையும் சேர்ந்து வரும்.

உங்கள் கோயில் அறநிலையத்துறைக் கோயில் என்றால் வல்லுநர் குழுவின் ஒப்புதல் இல்லாமல் கை வைக்கக்கூடாது. கோயில்களையும் தொல்சின்னங்களையும் காப்பது பற்றி 2021 ஜூன் 7-ல் சென்னை உயர்நீதிமன்றம் 75 உத்தரவுகள் கொண்ட தீர்ப்பே கொடுத்திருக்கிறது. கமிட்டிக் கூட்டத்தில் அதை எடுத்துச் சொல்லுங்கள். அவசரம் என்று யாராவது சொன்னால் பக்கத்திலேயே ஆதிகேசவப் பெருமாள் கோயில் இருக்கிறதே. 418 வருடத்துக்குப் பிறகு 2022 ஜூலை 6-ல்தான் அங்கே கும்பாபிஷேகம் நடந்தது. அங்கே மூலவர் மண், பிசின், மூலிகை கலந்த கடுசர்க்கரைக் கூட்டில் செய்த திருமேனி, அதனால் தண்ணீர் விட்டு அபிஷேகம் கிடையாது. பொருளின் தன்மை தெரிந்து அதற்கேற்ப வழிபாட்டையே அமைத்துக்கொண்டிருக்கிறார்கள் பாருங்கள்.

தக்கலையிலிருந்து ஒரு ஆசிரியை: பத்மநாபபுரம் அரண்மனையில் இருக்கிற கறுப்புத் தரையை வீட்டில் போட முடியுமா? முட்டை வெள்ளைக்கரு எத்தனை வேண்டும்?

சிரட்டைக் கரி, சுண்ணாம்பு, முட்டை வெள்ளைக்கரு, செடிச் சாறுகள் என்று அந்தத் தரைக்குச் சேர்மானம் சொல்வார்கள். எண்ணிக்கை சொல்ல எனக்கு விருப்பமில்லை டீச்சர், ஏனென்றால் அந்தப் பளபளப்பில் பெரும்பங்கு தேய்ப்பில் இருக்கிறது. ஈரம் வற்ற வற்ற வழவழப்பான கல்லால் ஒரே இடத்தை நாள்கணக்கில் தேய்ப்பார்கள். அவசரப்பட்டால் எத்தனை முட்டை ஊற்றினாலும் வெடிக்கும். சின்னதாக ஒரு திண்ணைக்குப் போட்டுப் பழகுங்கள், சிரட்டைக் கரியை மைபோல அரைத்துச் சலித்துக்கொள்ளுங்கள். தரையைச் சோப்புப் பொடியால் கழுவக்கூடாது, அதையும் சேர்த்து நினைவில் வையுங்கள்.

முட்டம் பக்கத்திலிருந்து ஒரு தேவாலயப் பங்கு உறுப்பினர்: எங்கள் பழைய ஓட்டுக் கோவிலின் கூரையில் சோலார் தகடு வைக்கலாமா?

கூரையில் வேண்டாம். அந்தக் கழுக்கோல்கள் ஓட்டின் பாரத்துக்குக் கணக்காக வைத்தவை. மேலும் கடற்காற்றில் தகடு பாய்மரம் மாதிரி ஆகிவிடும், ஒக்கியில் பறந்தவற்றைப் பார்த்தவர்கள் நாம். பங்கு மேடை, சமூகக்கூடம் என்று ஏதாவது கான்கிரீட் தளம் இருந்தால் அங்கே வைத்துக் கம்பியைக் கொண்டுவாருங்கள். அதற்கு முன், மேலே உள்ள பழைய காற்றுக்கண்களை அட்டை வைத்து அடைத்திருக்கிறீர்களா என்று பாருங்கள். திறந்துவிட்டால் மின்விசிறிகளில் பாதியை நிறுத்தலாம்.

மார்த்தாண்டத்திலிருந்து ஒரு வாசகர்: நீங்கள் சொல்கிற எதையும் செய்யக் கொத்தனார் கிடைப்பதில்லை. கிடைத்தவரும் ஒரே வாரத்தில் விட்டுப்போய்விட்டார். சுண்ணாம்புக்கு எங்கே போவது?

உங்கள் வருத்தம் எனக்குப் புரிகிறது. ஒன்று கேட்கிறேன், சதுர அடிக் கணக்கில் கூலி பேசினீர்களா? அப்படிப் பேசினால் யாராலும் சுண்ணாம்பு வேலை செய்ய முடியாது. ஒரு கை அரை அங்குலத்துக்கு மேல் பூசக்கூடாது, அடுத்த கைக்குப் பத்து நாளாவது பொறுக்க வேண்டும், நடுவில் ஈரச் சாக்குத் தொங்கவிட்டு நனைத்துக்கொண்டே இருக்க வேண்டும். சதுர அடிக்காரருக்கு அந்தப் பத்து நாளும் பட்டினி. நாள்கூலி பேசுங்கள், காத்திருக்கும் நாட்களில் ஓடு கழுவவோ வாய்க்கால் வெட்டவோ வேலை வையுங்கள். பொருளுக்குப் போகிற பணம் குறையும், ஆட்களுக்குப் போகிற பணம் கூடும். அந்தப் பணம் நம் ஊரிலேயே இருக்கும் என்பதும் எனக்குப் பெரிய விஷயம்.

வேலை தெரிந்தவர்களைத் தேடும்போது கொத்தனாரை மட்டும் தேடாதீர்கள். அறுபது, எழுபது வயதுப் பெண்களில் மட்டுப்பா தட்டியவர்கள் இன்னும் இருக்கிறார்கள். சாந்தை விரலில் எடுத்து உருட்டிப் பார்த்தே தண்ணீர் கூடுதல் என்று சொல்லிவிடுவார்கள். என் அம்மா முழங்கால் வலியோடு நாற்காலியில் உட்கார்ந்து சொல்லச் சொல்ல மூன்று பையன்கள் பழகினார்கள். அவர்களில் இருவர் இன்று தனியாக வேலை எடுக்கிறார்கள். அப்படி ஒரு பாட்டியம்மாவுக்குக் கொத்தனார் கூலியே கொடுத்துக் கூட்டி வாருங்கள், கையாள் கூலி வேண்டாம்.

சுண்ணாம்பு வாங்கும்போது வெள்ளையடிக்கிற பொடிப் பாக்கெட்டை வாங்காதீர்கள். கடையில் கிடந்து காற்றுப்பட்டுப் பாதி சக்தி போயிருக்கும். கட்டியாக வாங்குங்கள். ஒரு கட்டியைத் தண்ணீரில் போட்டால் சீறிக்கொண்டு கொதித்து உடைய வேண்டும், சும்மா கிடந்தால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். நீற்றும்போது தண்ணீரில் சுண்ணாம்பைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போட வேண்டும், சுண்ணாம்பின் மேல் தண்ணீரை ஊற்றக்கூடாது, தெறிக்கும். கண்ணாடி போடாமல் யாரையும் பக்கத்தில் நிற்க விடாதீர்கள். கண்ணில் பட்டால் உடனே நிறையத் தண்ணீரில் கழுவிக்கொண்டே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

பூச்சு வேலைக்கு நம் ஊரில் தையும் மாசியும்தான் நல்ல மாதங்கள். மழையும் இருக்காது, வெயிலும் காரையைச் சட்டென்று உலர்த்தாது. சுவரில் முதலில் எல்லா இடத்திலும் தொடங்காமல் பின்புறம் ஒரு மீட்டர் சதுரத்தில் பூசி, ஒரு மாதம் விட்டு, நகத்தால் கீறிப் பாருங்கள். தைக்கு வேண்டுமென்றால் ஐப்பசி முடிவதற்குள் சுண்ணாம்பை நீற்றிச் சலித்துத் தொட்டியில் விட்டுவிடுங்கள். மேலே நாலு விரல் தண்ணீர் எப்போதும் நிற்கட்டும். குழந்தைகளும் கோழியும் விழாதபடி பலகை போட்டு மூடி வையுங்கள். தையில் திறக்கும்போது வெண்ணெய் மாதிரி வெட்டி எடுக்கலாம்.